பாவை இரண்டும் ஒத்திருக்கின்றனவா?

திருச்சிராப்பள்ளி வட்டாரத்துச் சிவாலயங்களுக்குப் பிரதோஷ நாளில் பூக்கூடையுடன் செல்லும் பெரியோர் பலருடைய கூடையில், வில்வத்துக்குப் பக்கத்தில் ஊமத்தம்பூவும் இருக்கும். தேவாரப் பதிகங்கள் ‘மத்தம்’ என்று போற்றும் மலர் இதுவே. விநாயக சதுர்த்தியன்று ஆனைமுகனுக்குச் சாத்தப்பெறும் இருபத்தொரு பத்திரங்களிலும் ஊமத்தை இலைக்கு இடம் உண்டு. மனிதர் தமக்குச் சூடிக்கொள்ளாத நஞ்சுப் பூ ஈசன் சடைக்கு உரியதாயிற்று. அந்த நஞ்சு பறித்தவர் கையிலும் சிறிது ஒட்டிக்கொள்ளும் என்பதைத்தான் அன்பர்கள் மறந்துவிடுகின்றனர்.

திருவானைக்காவில் வாழும் பாட்டியார் ஒருவருக்கு இப்படி நேர்வதாகக் கொள்ளலாம். விடியற்காலையில் வேலியோரத்து ஊமத்தையைக் காம்போடு ஒடித்துக் கூடையில் இடுகிறார். வழியில் வலக்கண் உறுத்துகிறது. விரலால் கசக்கிக் கொள்கிறார். பூசை முடிந்து வீடு திரும்பிக் காபி அருந்த அமரும்போது, “பாட்டி, உங்களுக்கு ஒரு கண் மட்டும் ரொம்பக் கறுப்பாத் தெரியறதே!” என்கிறாள் பேத்தி. கண்ணாடியில் பார்த்தால் உண்மைதான். இடக்கண்ணின் பாவை மிளகளவு; வலக்கண்ணின் பாவையோ கருவட்டம் முழுவதையும் விழுங்கிவிட்டது போல் விரிந்திருக்கிறது. பஞ்சாங்கத்தை எடுத்தால் எழுத்து அந்தக் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. வெளிச்சம் கூசுகிறது. வலி இல்லை, தலைவேதனை இல்லை, இமை தொங்கவில்லை. ஆயினும் வீடே கலங்குகிறது. பக்கவாதமோ, மூளையில் கட்டியோ என்று ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வோர் அச்சம்.

ஊமத்தையின் வேர் முதல் விதை வரை அட்ரோபின், ஸ்கோபொலமின் என்னும் பொருள்கள் உள்ளன. கண் மருத்துவர் பாவையை விரித்துப் பார்ப்பதற்காக இடும் சொட்டு மருந்துகளில் ஒன்று இதே அட்ரோபின். ஆகவே பாட்டியார் அறியாமலே தமக்குத் தாமே சொட்டு மருந்து இட்டுக்கொண்டார் எனலாம். ஒரு கண்ணில் மட்டும் பட்டதால் ஒரு பாவை மட்டும் விரிந்தது. பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே சுருங்கிவிடும். சிலருக்கு ஒரு வாரமும் ஆகலாம்.

ஐரோப்பாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த பெல்லடோனா என்னும் செடி உண்டு. ஜெர்மனியில் ரூங்கே என்ற மாணவர் 1819-ஆம் ஆண்டில் அதன் சாற்றினால் பூனையொன்றின் ஒரு கண் பாவையை மட்டும் விரியச் செய்து, மகாகவி கதேயின் முன் கொண்டுபோய்க் காட்டினார். வியந்த கவிஞர் பரிசாகக் கொடுத்தது ஒரு கைப்பிடி காபிக் கொட்டை. ‘இதையும் ஆராய்க’ என்ற அந்தத் தூண்டுதலால்தான் காபியிலுள்ள கஃபீன் என்ற பொருளை ரூங்கே பிரித்தெடுத்தார். காவிரிக்கரையின் காலைக் காபிக்கும் ஒற்றைக் கண் விரிந்த ஒரு பூனைக்கும் இப்படியோர் உறவு இருக்கிறது!

பாவை என்ற சொல்லே அழகானது. எதிரில் நிற்பவரின் உருவம் பொம்மை போலச் சிறிதாகத் தெரிவதால் கண்ணின் நடுத்துளைக்குப் பாவை என்று பெயரிட்டனர் நம் முன்னோர். வடமொழியில் ‘கனீனிகா’ என்றாலும், இலத்தீனில் ‘பூபில்லா’ என்றாலும் சிறுபெண் என்றே பொருள். ஒருவரோடொருவர் பேசாத மூன்று ஊரார் ஒரே காட்சியைக் கண்டு ஒரே பெயரைச் சூட்டியிருக்கின்றனர்.

இந்தப் பாவையை இரண்டு தசைகள் ஆள்கின்றன. வட்டமாகச் சூழ்ந்த தசை, வெளிச்சத்தில் சுருக்குப்பையின் நாடா போல் இறுக்கிச் சுருக்கும். ஆரக்கால்கள் போல் அமைந்த தசை இருட்டில் இழுத்து விரிக்கும். சுருக்கும் ஆணை மூளையிலிருந்து மூன்றாம் நரம்பின் வழியே நேராகக் கண்ணுக்கு வருகிறது. விரிக்கும் ஆணை வருகின்ற வழியோ விந்தையானது. மூளையிலிருந்து தண்டுவடத்தில் இறங்கி, மார்புக்குள் புகுந்து, நுரையீரலின் உச்சியைத் தொட்டு, கழுத்தின் பெரிய இரத்தக்குழாயை ஒட்டி மேலேறி, அதன் பிறகே அது கண்ணை அடைகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து மலைக்கோட்டைக்குக் காவிரிப் பாலம் இருக்க, ஒருவர் முக்கொம்பு வரை போய்ச் சுற்றி வந்தாற்போன்ற வழி அது. வழி நெடியது, ஆதலால் இடையூறு நேரக்கூடிய இடங்களும் பல. கழுத்திலோ மார்பிலோ உள்ள நோய் கண்ணில் முதலில் தெரிவது இதனால்தான்.

மக்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குப் பாவைகள் இயல்பாகவே சிறிது ஏறத்தாழ இருக்கும். வேறுபாடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும்; வெளிச்சத்திலும் நிழலிலும் ஒரே அளவாக இருக்கும். இது நோயன்று. நம் நாட்டவரின் விழி கரும்பழுப்பு நிறமாதலால் பாவையின் விளிம்பு எளிதில் புலப்படாது. ஆண்டுக்கணக்கில் ஒருவரும் கவனிக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் சன்னலோர வெளிச்சத்தில் திடீரென்று கண்டு திடுக்கிடுவோர் உண்டு.

அப்போது முதலில் தேட வேண்டியது பழைய புகைப்படம். சஷ்டியப்தபூர்த்திப் படம், சதாபிஷேகப் படம், வடநாட்டு யாத்திரைக்கு எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம், எதுவாயினும் முகம் நேராகத் தெரிந்தால் போதும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன்பும் அதே வேறுபாடு இருந்தால் பதற வேண்டியதில்லை. அடுத்த கண் பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொன்னால் போதும். பழைய படத்தில் இரண்டும் ஒத்திருந்து, இப்போது மட்டும் வேறுபட்டால், அது புதிது. புதிது என்பதே இங்கே கவனிக்க வேண்டிய செய்தி.

புதிதாயினும் காரணம் எளியதாக இருக்கக்கூடும். கண்புரை அறுவை செய்துகொண்டவருக்கு அந்தக் கண்ணின் பாவை சற்றுக் கோணலாகவோ பெரிதாகவோ அமைந்துவிடுவதுண்டு. பரிசோதனைக்காக ஒரு கண்ணில் மட்டும் சொட்டு இட்டிருந்தால் சில மணி நேரம் விரிந்தே இருக்கும். மூச்சிரைப்புக்கு நெபுலைசர் வைத்துக்கொள்ளும் முதியோரிடம் மற்றொன்றைக் காணலாம். முகமூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அதிலுள்ள இப்ராட்ரோபியம் என்னும் மருந்தின் ஆவி மேலெழுந்து ஒரு கண்ணில் படும்; பாவை விரியும். ஊமத்தைக்கும் இதற்கும் செயல் ஒன்றே. ஏடி பாவை என்று ஒரு நிலையும் உண்டு. அதில் ஒரு பாவை பெரிதாகி வெளிச்சத்துக்கு மிக மெதுவாகச் சுருங்கும், பெரும்பாலும் தீங்கற்றது. ஆயினும் அது அதுதான் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவரே.

அடிபட்ட கண்ணின் கதை வேறு. மாணிக்க விநாயகர் சந்நிதியிலாகட்டும், தெருமுனைப் பிள்ளையார் முன்னாகட்டும், சிதறு தேங்காய் உடைக்கும் இடத்தில் மிக அருகில் நிற்பது நன்றன்று. தெறிக்கும் ஓட்டுத்துண்டு கண்ணில் பட்டால் சுருக்கும் தசை கிழிந்து பாவை விரிந்தபடியே நின்றுவிடக்கூடும். மேலைநாட்டு இசையில் பெரும்புகழ் பெற்ற டேவிட் போவிக்கு 1962-இல் பள்ளி நண்பனின் குத்தினால் இடக்கண் பாவை இப்படித்தான் வாழ்நாள் முழுதும் விரிந்து நின்றது. அவருக்கு இரு கண்ணும் இரு நிறம் என்று பலர் நம்பினர். நிறம் ஒன்றே, பாவைதான் வேறு. கண்ணில் அடிபட்டால் பார்வை தெளிவாக இருப்பினும் அன்றே கண் மருத்துவரைக் காண வேண்டும். உள்ளே இரத்தம் கசிந்திருப்பதை வீட்டிலிருந்தபடி அறிய இயலாது.

இனி வருபவை தாமதம் பொறாதவை.

ஒரு கண்ணின் பாவை விரிந்து, அதே கண்ணின் இமையும் தொங்கி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. தலையோ வாழ்நாளில் கண்டிராத அளவு வலிக்கிறது. மூளையின் அடியிலுள்ள இரத்தக்குழாய் குமிழ் போலப் புடைத்து மூன்றாம் நரம்பை அழுத்தும்போது நேர்வது இது. அக்குமிழ் வெடித்தால் உயிருக்கே முடிவாகும். வெடிக்கும் முன் பிடித்துவிட்டால் அடைத்துவிடும் மருத்துவம் இன்று இருக்கிறது. தலைவலி சிறிதாக இருக்கிறதே என்றும் ஆறுதல் கொள்ளலாகாது. விரிந்த பாவையும் தொங்கும் இமையும் சேர்ந்து வந்தாலே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த நரம்பு நலிந்து இமை தொங்குவதுண்டு. அப்போது பாவை பெரும்பாலும் மாறாமலே இருக்கும். எனினும் ‘இது சர்க்கரையால் வந்தது’ என்று வீட்டிலுள்ளோர் தாமாகத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

சில வேளைகளில் பழுது பெரிய பாவையில் அன்று, சிறிய பாவையில் இருக்கும். ஒரு பாவை சுருங்கி, அதே பக்கத்து இமை நூலளவு தாழ்ந்திருப்பதை 1869-இல் சுவிட்சர்லாந்து கண் மருத்துவர் ஹார்னர் விரித்துரைத்தார். அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அந்த நெடுவழியில் எங்கோ இடையூறு என்பதற்கு இது அடையாளம். கழுத்து வலியுடன் திடீரென வந்தால், கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம், பக்கவாதம் பின்தொடரக்கூடும். நெடுநாள் புகைபிடித்தவருக்குத் தோள்வலியோடும் கைவலியோடும் மெல்ல வந்தால், நுரையீரலின் உச்சியைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள். சிறிய பாவைதானே என்று அலட்சியமாய் இருக்க வழியில்லை.

மூன்றாவது, முதியோரிடம் மிகுதியாகத் தவறவிடப்படுவது. மாலையில், மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்திருக்கும்போது ஒரு கண் சிவந்து கடுமையாக வலிக்கிறது. விளக்கைப் பார்த்தால் சுடரைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது. குமட்டலும் வாந்தியும் வருகின்றன. வாந்தி வந்ததால் பித்தம் என்று எண்ணி இஞ்சிச்சாறு கொடுக்கின்றனர். கண்ணின் உட்புற நீர் வெளியேறும் வழி திடீரென அடைபட்டு அழுத்தம் ஏறிய க்ளகோமா அது. பாவை பாதி விரிந்து அசையாமல் நிற்கும். சில மணி நேரத் தாமதமே பார்வையைப் பறித்துவிடக்கூடும். பாவை விரிவதே இந்த அடைப்பைத் தூண்டுமாதலால், இயல்பிலேயே அந்த வழி குறுகியவர்களுக்கு ஊமத்தைச் சாறும் இத்தீங்கை விளைவிக்கலாம். ஊமத்தைதானே என்று காத்திருப்பவர், கண் வலிக்கத் தொடங்கினால் அதற்குமேல் காத்திருக்கலாகாது. இதற்கு மாறாக, கண் சிவந்து வலித்துப் பாவை சுருங்கியோ ஒழுங்கற்றோ இருந்தால் கண்ணின் உள் அழற்சியாக இருக்கலாம். அதற்கும் அன்றே மருத்துவம் வேண்டும்.

நான்காவது வீழ்ச்சி. அம்மா மண்டபத்துப் படித்துறையிலோ, அபிடேக நீர் படிந்த பிரகாரத்துக் கல்லிலோ வழுக்கி விழுந்து, தலையைத் தடவிக்கொண்டு எழுந்து நடந்துவிடுகிறார் ஒருவர். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்பவராயின் மூளை உறைக்கடியில் மெல்லக் கசியும் இரத்தம், நாட்களோ வாரங்களோ கழித்துத் தன்னைக் காட்டும். ஓயாத தலைவலி, பேச்சில் குழறல், பகலெல்லாம் தூக்கம், பெயர்கள் மறத்தல் ஆகியவற்றை ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். பாவை ஒன்று விரியும் வரை காத்திருந்தால் அதற்குள் மூளை அழுந்தியிருக்கும். ஆகவே விழுந்தவரிடம் பாவையை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. அறிவு தெளிவாக இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

முதியோர் விழுவதற்கும் பாவைக்கும் ஒரு தொடர்பு உண்டு. வயது ஏற ஏறப் பாவை சிறுத்துப்போகும். இருட்டில் போதிய அளவு விரியாது. சித்திரை வெயிலிலிருந்து ஆயிரங்கால் மண்டபத்து நிழலுக்குள் நுழையும் இளைஞர் நேரே நடந்துவிடுவார். எழுபதைக் கடந்தவர் தூணைப் பற்றிக்கொண்டு சற்று நின்று, கண் பழகிய பின்னரே அடியெடுத்து வைப்பது நல்லது.

வீட்டில் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. நல்ல வெளிச்சத்தில் நேரெதிரே அமர்ந்து இரு பாவைகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். விளக்கைக் குறைத்து மறுமுறை பார்க்க வேண்டும். கைபேசியில் படமெடுத்தும் வைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தில் வேறுபாடு மிகுந்தால் பெரிய பாவை சுருங்க மறுக்கிறது. மங்கலில் மிகுந்தால் பெரும்பாலும் சிறிய பாவை விரிய மறுக்கிறது. இந்த ஒரு குறிப்பே மருத்துவருக்குப் பாதி வழியைக் காட்டிவிடும். ஆனால் இமை தொங்கியவரையும் வாந்தி எடுப்பவரையும் அமர்த்தி வைத்து இந்தச் சோதனைகளைச் செய்துகொண்டிருப்பது அறிவீனம்.

உறையூரில் வாழ்ந்த உறங்காவில்லி தாசர் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் மயங்கி, வெயில் படாமல் அவளுக்குக் குடை பிடித்து அரங்கத்துக்கு வந்தார் என்பதும், இராமானுசர் அவரை அழைத்துச் சென்று அரங்கன் கண்களைக் காட்டினார் என்பதும் வைணவப் பெரியோர் போற்றும் வரலாறு. குடை பிடித்தவரை ஊர் நகைத்தது. மனைவியின் கண்ணை நாள்தோறும் உற்றுப் பார்க்கும் கணவர் எத்தனை வீட்டில் உண்டு? நாற்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த தம்பதியர், எதிரே இருப்பவரின் மூக்குக் கண்ணாடியைப் பார்க்கின்றனரே தவிர அதற்குள் இருக்கும் கண்ணைப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, ஸ்ரீரங்கத்து வீதிகளில் தனித்திருக்கும் முதியோரின் நிலை இன்னும் கடினம். வாரம் ஒருமுறை திரையில் பேசும் மகளுக்குப் பாவையின் அளவு தெரியாமற் போகலாம். ஒரு பக்கத்து இமை தாழ்ந்திருப்பது நிச்சயம் தெரியும். ‘அம்மா, தூக்கமா?’ என்று கேட்டுவிட்டு விடாமல், கண்ணாடியைக் கழற்றச் சொல்லி ஒருமுறை நேராகப் பார்ப்பது அவளுடைய கடமை.

கண்டபின் காலந்தாழ்த்துவது இன்னொரு தடை. ‘இராகு காலம் கழியட்டும்’, ‘இன்று அஷ்டமி’, ‘வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் கலையட்டும்’ என்ற சொற்கள் முதியோர் வாயிலிருந்தே வரும். ஆபத்துக் காலத்தில் வழக்கமான விதிகள் விலகி நிற்கும் என்பதை ஆபத்தர்மம் என்ற பெயரால் சாத்திரங்களே ஒப்புக்கொள்கின்றன. இரத்தக்குழாய் அடைப்பினால் வந்த பக்கவாதத்துக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஒன்றரை மணி நேர இராகு காலம் அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிடும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், திடீர்ப் பெருந்தலைவலி, இமைத் தொய்வு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று பாவை மாற்றத்துடன் சேர்ந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

எங்கே செல்வது என்பதிலும் வேறுபாடு உண்டு. கண் சிவப்பு, கண்வலி, அடி ஆகியவற்றுக்குக் கண் மருத்துவமனை பொருந்தும்; திருச்சியில் 1934 முதல் இயங்கிவரும் ஜோசப் கண் மருத்துவமனை போன்றவை அதற்கென்றே உள்ளன. தலைவலி, இமைத் தொய்வு, வீழ்ச்சி, மயக்கம் இருந்தால் சி.டி. ஸ்கேனும் மூளை நரம்பு மருத்துவரும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை அத்தகையது. செல்லும் முன் கண்ணில் நந்தியாவட்டைச் சாறு, தேன், விளக்கெண்ணெய், பழைய புட்டியில் மிஞ்சிய சொட்டு மருந்து எதையும் விடக்கூடாது. தலைவலிக்கென்று ஆஸ்பிரின் விழுங்குவதும் ஆகாது; இரத்தக் கசிவாயின் அது கேட்டை மிகுவிக்கும்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை, அன்றாட மாத்திரைச் சீட்டும் ஒரு பழைய புகைப்படமும். ஊமத்தை தொட்ட செய்தியை மறவாமல் சொல்ல வேண்டும். ‘கோயிலுக்குப் பூப்பறித்தேன்’ என்ற ஒரு சொல் பெருஞ்செலவான பரிசோதனைகளைத் தவிர்க்கக்கூடும். ஐயமுற்றால் மருத்துவர் பைலோகார்பின் என்ற சொட்டை இட்டுப் பார்ப்பார். நரம்பு நலிவினால் விரிந்த பாவை அதற்குச் சுருங்கும். அட்ரோபின் பிடித்த பாவை அசையாது நிற்கும்.

ஊமத்தை பட்டது தெரிந்தவுடன் கையைச் சோப்பிட்டுக் கழுவி, கண்ணைத் தூய நீரால் பல நிமிடம் அலம்ப வேண்டும். பறிக்கும்போது கையில் ஒரு நெகிழிப்பையை மாட்டிக்கொண்டால் இத்தனையும் வேண்டியதில்லை. அம்மலரையோ விதையையோ குழந்தைகள் வாயில் இட்டுக்கொண்டால் நிலைமை வேறு. இரு பாவையும் விரிந்து, வாய் வறண்டு, உடல் சுட்டு, பிதற்றல் தொடங்கும். உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டிய நஞ்சு அது. கண்ணில் பட்டதோடு நின்ற பாட்டியாரோ பாவை சுருங்கும் வரை வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிந்து, மலைக்கோட்டைப் படிகளைச் சில நாள் தள்ளிவைக்கலாம். தாயுமானவரை அடுத்த பிரதோஷத்தில் காணலாம்.